ஐந்நூறு வகைத் தையல் எதற்கு?

எம்பிராய்டரி மெஷின் வாங்கக் கடைக்குப் போகும் தையற்காரரிடம் முதலில் சொல்லப்படுவது எண்ணிக்கைகள்தான். உள்ளேயே நூற்றறுபது டிசைன், ஐந்நூறு வகைத் தையல், பத்து வகை எழுத்து, தொடுதிரை. சொல்லிக்கொண்டே கடைக்காரர் பொத்தானை அழுத்துகிறார். மெஷின் தானாக ஓடுகிறது. பத்து நிமிடத்தில் ஒரு ரோஜாப்பூ துணியில் பூத்துவிடுகிறது. பார்ப்பவர் மனதில் ஆவணியிலும் தையிலும் வரப்போகும் கல்யாண ப்ளவுஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. லட்ச ரூபாய் பெரிய தொகையாகத் தெரியாத நேரம் அது.

ஊருக்குத் திரும்பியதும் அந்த ரோஜாப்பூவை யாரும் கேட்கப் போவதில்லை. வாடிக்கையாளர் கேட்பது மயில், மாங்காய், அன்னம், யானை. அதுவும் தன் சேலைக் கரையில் உள்ள அதே மயில், அதே அரக்கு நிறம். கடையில் பெருமையாகச் சொல்லப்பட்ட வசதிகளில் பெரும்பங்கு இந்த வேலைக்கு உதவாது. உதவக்கூடியவற்றைப் பற்றியோ அங்கே பேச்சே எழுந்திருக்காது. கடன் வாங்கி மெஷின் எடுக்கும் பெண்கள் ஊருக்கு ஊர் பெருகிவிட்ட இன்று, எந்த வசதிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

நேர்த்தையல் மட்டும் போடும் சாதாரண மெஷின் சில ஆயிரங்களுக்குக் கிடைக்கிறது. மோட்டாரோடு ஜிக்ஜாக், காஜா, ஃபால்ஸ் எல்லாம் பார்க்கும் மெஷின் பத்தாயிரத்தைத் தாண்டும். கணினி எம்பிராய்டரிக்குப் போனால் விலை ஒரே தாவலாக லட்சத்தை ஒட்டி நிற்கிறது. துணி மாட்டும் சட்டம் பெரிதாக உள்ள மாடல் லட்சத்தைத் தாண்டிவிடும். ஆறு ஊசி, பத்து ஊசி, பதினைந்து ஊசி மெஷின்கள் பல லட்சம். தையல் கூலியில் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தத் தாவல் ஒவ்வொன்றும் சில வருடச் சேமிப்பு.

இந்த மெஷின்கள் யாரை மனதில் வைத்து வளர்ந்தன என்று பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். சிங்கர் நிறுவனம் அதீனா 2000 என்ற மின்னணுத் தையல் மெஷினை 1975-இல் கொண்டுவந்தது. ஜப்பானின் ஜனோமி 1979-இல் மெமரி 7 மாடலையும், 1990-இல் மெமரி கிராஃப்ட் 8000 என்ற வீட்டு எம்பிராய்டரி மெஷினையும் வெளியிட்டது. அதுவரை தொழிற்கூடத்தில் மட்டும் நடந்த கணினி எம்பிராய்டரி அப்போதுதான் வீட்டு மேசைக்கு வந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பொழுதுபோக்காகத் தைப்பவர்கள். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை செய்வது அவர்களுக்கு ஒரு கலை. அதற்கு அகலமான அலங்காரத் தையல்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும், துணியின் மேல் ஒளிவீசி டிசைன் எங்கே விழும் என்று காட்டும் புரொஜெக்டர் வேண்டும். பிரதர் நிறுவனத்தின் லூமினேர், சுவிட்சர்லாந்தின் பெர்னினா தயாரிக்கும் உச்ச மாடல்கள் ஆகியவை 10,000 டாலருக்கு மேல் விற்பதும் அந்தச் சந்தையில்தான். அந்த வேலைக்கு அவை அருமையான மெஷின்கள், சந்தேகமில்லை.

இங்கே நிலைமை வேறு. ப்ளவுஸ், சுடிதார், பாவாடை சட்டை தைக்கும் ஒருவர் அன்றாடம் பயன்படுத்துவது நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா, ஓரம் மடிக்கும் தையல் ஆகிய நான்கைந்துதான். மீதி நானூற்றுச் சொச்சம் வகைகள் திரையில் கிடக்கும். அவற்றுக்குக் கொடுத்த பணமும் அங்கேயேதான் கிடக்கும். உள்ளே பதிந்து வரும் டிசைன்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிரதரின் சில மாடல்களில் டிஸ்னி பொம்மை உருவங்கள் சேர்ந்தே வருகின்றன. அவை சொந்த உபயோகத்துக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. அவற்றைத் தைத்துக் குழந்தைச் சட்டை விற்பது உரிம மீறல்.

அப்படியானால் எதற்குக் கொடுக்கலாம்? முதலாவது, சட்டம். துணியை இறுக்கிப் பிடிக்கும் அந்த ஃப்ரேமின் அளவுதான் ஒரு மெஷின் என்ன சம்பாதிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆரம்ப நிலை மெஷின்களில் சட்டம் 100 மில்லிமீட்டருக்கு 100 மில்லிமீட்டர். புட்டா போடலாம், கைக்குட்டையில் பெயர் போடலாம், அதோடு சரி. 130-க்கு 180 உள்ளதில் கழுத்தோரத்துக்குச் சின்ன வேலைகள் நடக்கும். ஜனோமி மெமரி கிராஃப்ட் 450ஈ போன்ற மாடல்களில் 200-க்கு 280 வரை கிடைக்கிறது, 550ஈ மாடலில் 200-க்கு 360. இந்த எண்பது மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கடையில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால், பெரியவர்களுடைய ப்ளவுஸ் கையின் சுற்றளவு பன்னிரண்டு, பதினான்கு அங்குலம் வரும். அதாவது 300 முதல் 355 மில்லிமீட்டர். 280 சட்டத்தில் அந்தக் கைக்கரை ஒரே மூச்சில் அடங்காது. பாதி தைத்து, துணியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மீதியைத் தைக்க வேண்டும்.

மறுபடி மாட்டுவதில் இருக்கும் வேதனை தைத்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கொடி அறுந்து ஒட்டியதுபோல நடுவில் ஒரு படி தெரியும். பட்டுத் துணியில் பிரித்துத் தைக்கவும் முடியாது. ஊசி குத்திய தடம் அப்படியே நிற்கும், வாடிக்கையாளரின் துணிக்கு ஈடு கொடுக்க வேண்டிவரும். பல லட்சம் விலையுள்ள மெஷின்களில் இருக்கும் கேமராவும் புரொஜெக்டரும் இந்தப் பிசகைத் தவிர்க்கத்தான் பெரிதும் பயன்படுகின்றன. சட்டமே பெரிதாக இருந்துவிட்டால் அந்தப் பிரச்சினையில் முக்கால்வாசி எழாது. ஆகவே கையில் இருக்கும் பணத்தைத் திரையிலும் தையல் வகைகளிலும் செலவழிக்காமல் சட்டத்தில் செலவழிப்பதே நல்லது.

இரண்டாவது, ஊசிகளின் எண்ணிக்கை. விளம்பரத்தில் நிமிடத்துக்கு 860 தையல், 1,000 தையல் என்று வேகத்தைப் போடுகிறார்கள். நடைமுறைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். முதுகுக் கழுத்துக்கு 30,000 தையல், இரண்டு கைகளுக்குத் தலா 12,000 என்று ஒரு ப்ளவுஸுக்கு 54,000 தையல் வைத்துக்கொள்வோம். 860 வேகத்தில் அது ஒரு மணி நேர வேலை. ஆனால் ஜரி நூலை அந்த வேகத்தில் ஓட்டினால் அறுந்துகொண்டே இருக்கும். வேகத்தை 600-க்குக் குறைத்தால் ஒன்றரை மணி நேரம். ஆறு நிறம் என்றால் ஒற்றை ஊசி மெஷினில் மூன்று துண்டுகளுக்கும் சேர்த்துப் பதினெட்டு முறை நூல் மாற்ற வேண்டும். முறைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் அரை மணிக்கு மேல் போய்விடும். சட்டம் மாட்டும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம். அதுவரை தைக்கும் பெண் மெஷினைவிட்டு நகர முடியாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது கூப்பிடும். ஆறு ஊசி மெஷினில் நூல் மாற்றும் வேலையே இல்லை. அது ஓடும்போது இவர் அடுத்த ப்ளவுஸை வெட்டலாம், ஃபால்ஸ் அடிக்கலாம். பல ஊசி மெஷினுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை மெஷினின் வேகத்துக்கானது என்று நினைக்கிறோம். உண்மையில் அது தைப்பவரின் நேரத்துக்கான விலை.

இதற்காக எல்லோரும் பல ஊசிக்குத் தாவ வேண்டும் என்றில்லை. நம்மூர் வழக்கத்தில் ப்ளவுஸ் துணியை வெட்டும் முன்பே, அளவுக்கோடு போட்ட நிலையில், தட்டையாகச் சட்டத்தில் மாட்டித்தான் எம்பிராய்டரி போடுகிறார்கள். அந்த வேலைக்குத் தட்டைப் பலகை உள்ள ஒற்றை ஊசி மெஷினே போதும். தைத்து முடித்த டி-ஷர்ட், தொப்பி, பள்ளிப் பை ஆகியவற்றில் லோகோ போடுபவருக்கு மட்டும் துணியைச் சுற்றி மாட்டும்படி நீண்ட கை உள்ள பல ஊசி மெஷின் கட்டாயம் தேவை. வரப்போகும் வேலை எது என்று முடிவாகாமல் மெஷினை முடிவு செய்வதில்தான் பலர் இடறுகிறார்கள்.

தையலும் எம்பிராய்டரியும் சேர்ந்த இரட்டை மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. இடம் மிச்சம், இரண்டும் ஒன்றிலேயே என்ற பேச்சு இனிமையாக இருக்கும். தொழில் செய்பவர் இதை வாங்கக் கூடாது. எம்பிராய்டரி ஓடும் இரண்டரை மணி நேரமும் தையல் நிற்கும். உள்ளே இருக்கும் ஒரு மின்பலகை பழுதானால் இரண்டு வருமானமும் ஒரே நாளில் நின்றுவிடும். பழைய மெஷினிலேயே தைத்துக்கொண்டு எம்பிராய்டரிக்கு மட்டும் தனி மெஷின் எடுப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மெஷினைவிட அதுதான் முக்கியம், அதற்குத்தான் யாரும் பணம் ஒதுக்குவதில்லை. ஒரு படத்தைத் தையலாக மாற்றும் வேலையைத் தொழிலில் பன்ச்சிங் என்பார்கள். எந்த இடத்தை எந்தத் திசையில் நிரப்ப வேண்டும், அடித்தையல் எவ்வளவு, துணி இழுபடும் அளவுக்கு எவ்வளவு கூட்டிக் கொடுக்க வேண்டும், எந்த நிறம் முதலில் ஓட வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் கைவேலை அது. மெல்லிய பட்டில் அடர்த்தியான டிசைனை அப்படியே ஓட்டினால் துணி சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அதே மயிலை அடர்த்தி குறைத்து, அடியில் சரியான பேப்பர் கேன்வாஸ் வைத்து ஓட்டினால் வழுவழுவென்று படியும். இரண்டுக்கும் மெஷின் ஒன்றுதான்.

கூலி ஏன் இதைப் பொறுத்திருக்கிறது என்றால், காரணம் சூரத். அங்கே பல தலை மெஷின்கள் ஒரே நேரத்தில் ஒரே டிசைனைப் போட்டுத் தள்ளுகின்றன. எம்பிராய்டரி போட்டே வரும் ப்ளவுஸ் துணி நம்மூர் ஜவுளிக்கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டில் ஒற்றை மெஷின் வைத்திருப்பவர் அந்த விலையோடு மோத முடியாது. அவரால் முடிந்தது, சூரத்தால் முடியாதது ஒன்று உண்டு. வாடிக்கையாளர் கொண்டுவந்த சேலையின் கரையைப் பார்த்து அதே உருவத்தை ப்ளவுஸில் வரவழைப்பது, மணமக்கள் பெயரைத் தமிழில் கோத்துப் போடுவது, உள்ளூர்ப் பள்ளியின் சின்னத்தை அச்சுப் பிசகாமல் தைத்துத் தருவது. இவை எல்லாமே பன்ச்சிங்கில் தொடங்குகின்றன. ஒவ்வொரு டிசைனையும் வெளியே காசு கொடுத்து வாங்குபவர் வெறும் மெஷின் ஓட்டுநராகவே நின்றுவிடுவார்.

மென்பொருள் விலை பலரை மிரட்டுகிறது, உண்மைதான். ஆஸ்திரேலியாவின் வில்காம், பிரதரின் பி.இ.-டிசைன் போன்றவை தொழில்முறையாளர்களுக்கானவை, விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆனால் இங்க்ஸ்டிச் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளுக்குள் இது இயங்குகிறது. தஜிமா வகை மெஷின்களுக்கான டி.எஸ்.டி., பிரதருக்கான பி.இ.எஸ்., ஜனோமிக்கான ஜே.இ.எஃப். என்று முக்கியமான கோப்பு வகைகளைத் தருகிறது. ஓரளவு நல்ல கணினி ஒன்றும் சில மாதப் பொறுமையும் இருந்தால் கற்றுக்கொள்ளலாம். லட்ச ரூபாய் மெஷின் எடுக்கும் முன்பே இதைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதுதான் இதிலுள்ள பெரிய வசதி. கற்றுப் பார்த்து, இந்த வேலை தனக்கு ஒத்துவராது என்று தெரிந்தால் ஒரு ரூபாய் நட்டமில்லை.

ஆரி வேலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. துணியை இறுக்கும் ஒரு கட்டில் சட்டம், கொக்கி முனை ஊசி, நூல், மணி, ஜர்தோசி. மொத்த முதலீடு சில ஆயிரம். மீதி முழுவதும் கைப்பழக்கம். மணப்பெண் ப்ளவுஸுக்கு ஆரி வேலை கொண்டுவரும் கூலியை வீட்டு எம்பிராய்டரி மெஷின் கொண்டுவராது. மணியும் கல்லும் கோக்கவும் அதனால் இயலாது. சிலர் மெஷினில் அடிப்படைக் கொடியை ஓட்டிவிட்டு, மேலே கையால் மணி கோத்து முடிக்கிறார்கள். வேலை விரைவாக முடிகிறது, கைவேலைக்கான கூலியும் கிடைக்கிறது. ஆரி தெரிந்தவர் மெஷின் வாங்கினால் அது அவருக்குத் துணைக்கை. எதுவும் தெரியாமல் மெஷினை மட்டும் நம்பி இறங்குபவருக்குச் சந்தை அவ்வளவு கருணை காட்டாது.

தவணைக் கணக்குக்கு வருவோம். ஒன்றரை லட்சம் கடன், 12 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 5,000 ரூபாய். நூல், கேன்வாஸ், மின்சாரம் எல்லாம் போக ஒரு ப்ளவுஸில் 300 ரூபாய் நிற்கிறது என்று கொண்டால், மாதம் பதினேழு ப்ளவுஸ் தவணைக்கே போகும். பதினெட்டாவதில்தான் வீட்டுக்கு வருமானம் தொடங்குகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இராது, தவணை மட்டும் வரும். ஆகவே மாதம் இருபத்தைந்து, முப்பது எம்பிராய்டரி ப்ளவுஸ் இப்போதே வெளியே கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பவர் தயங்காமல் மெஷின் எடுக்கலாம். மெஷின் வந்த பிறகு வேலை வரும் என்று எண்ணுபவர் பொறுத்திருப்பதே நல்லது.

தவணைக்கும் தையல் மெஷினுக்கும் உறவு பழையது. ஐசக் சிங்கர் 1851-இல் காப்புரிமை பெற்ற மெஷின் நூறு டாலருக்கு மேல் விற்றது. அன்றைய குடும்பங்களுக்கு எட்டாத விலை. அவருடைய கூட்டாளி எட்வர்டு கிளார்க் 1856-இல் கொஞ்சம் முன்பணம், மீதி மாதத் தவணை என்ற முறையைக் கொண்டுவந்தார். மெஷின் வீடு வீடாகப் புகுந்தது அதன் பிறகுதான். அந்த மெஷின் ஒரு விஷயத்தில் தவணைக்கு ஏற்ற பொருளாக இருந்தது: கடன் தீர்ந்த பின்னும் பல பத்தாண்டுகள் உழைத்தது. பாட்டியின் மெஷினில் பேத்தி தைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. கணினி மெஷினுக்கு அந்த ஆயுளை எதிர்பார்க்க முடியாது. மின்பலகைகளை நிறுவனங்கள் காலம் முழுக்கத் தயாரிப்பதில்லை.

அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது, பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஆள் வர வேண்டும் என்றால், கல்யாண சீசனில் ஒரு வாரம் மெஷின் படுத்தாலும் அந்த வருட லாபமே போய்விடும். மின்சாரம் போய் வந்தால் விட்ட தையலிலிருந்து தொடருமா, உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்குமா என்பதும் அதே அளவு முக்கியம். செயல்விளக்கத்துக்குப் போகும்போது சொந்தப் பட்டுத் துணியும் ஜரி நூலும் கொண்டுபோய், 30,000 தையல் உள்ள டிசைனை முழுவதும் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். கடையில் இருக்கும் கெட்டியான பருத்தித் துணியில் எந்த மெஷினும் அழகாகவே தைக்கும்.

1924-இல் டெல்லியில் காந்தியைச் சந்தித்த ஜி. ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார். சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார் காந்தி. அதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே என்ற அடுத்த கேள்விக்கும் ஆம் என்றார். மனிதரின் உழைப்பை எளிதாக்குகிறதா, அவரை ஒதுக்கித் தள்ளுகிறதா என்பதே அவருக்கு அளவுகோல். அந்த ராமச்சந்திரன்தான் பின்னர் தன் மனைவி சௌந்தரத்துடன் சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று மெஷினுக்குக் கடன்படும் இன்றைய பெண்களுக்கும் அந்த அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். மெஷின் அவருக்கு உழைக்க வேண்டும். அதன் தவணைக்காக அவர் இரவெல்லாம் உழைக்கும் நிலை வரக் கூடாது.

அரசின் பங்கு இங்கேதான் மாற வேண்டும். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவசத் தையல் மெஷின் திட்டம் ஆதரவற்ற பெண்களுக்கு முதல் படியைத் தந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 3 லட்சம் ரூபாய் வரை கடனுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய், அதோடு 5 சதவீதம் வரை வட்டி மானியமும் அறிவித்தது. ஒன்றரை லட்ச ரூபாய் மெஷினுக்கு 37,500 ரூபாய் குறைவது பெரிய உதவி. ஆனால் இவை எல்லாம் ஒருவருக்கு ஒரு மெஷின் என்ற கணக்கிலேயே நிற்கின்றன. ஒரே தெருவில் மூன்று பேர் கடன் வாங்கி மூன்று ஒற்றை ஊசி மெஷின் வைத்து, இருக்கும் இருபது ப்ளவுஸைப் பங்கு போட்டுக்கொள்வதில் யாருக்கும் லாபமில்லை.

தமிழ்நாட்டில் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களின் இலவசச் சீருடையைத் தைப்பவை அவைதான். உறுப்பினர் பட்டியல், கணக்கு வழக்கு, ஆண்டுதோறும் வரும் வேலை எல்லாம் அவற்றிடம் ஏற்கெனவே உண்டு. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு பல ஊசி மெஷினும், பன்ச்சிங் கற்றுத்தரத் தமிழில் ஒரு பாடத்திட்டமும், இரண்டு கணினியும் கொடுத்தால் பகலில் பள்ளி, கல்லூரிச் சின்னங்கள் ஓடும். மாலையில் உறுப்பினர்கள் தங்கள் வாடிக்கையாளரின் ப்ளவுஸ் துணியைக் கொண்டுவந்து, மணிக் கணக்கில் கட்டணம் கட்டித் தைத்துக்கொண்டு போகலாம். ஆறு மாதம் அப்படி ஓட்டிப் பார்த்த பெண்ணுக்குத் தன் ஊரில் எவ்வளவு வேலை வரும், எந்தச் சட்டம் வேண்டும், எத்தனை ஊசி வேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்திருக்கும். சொந்த மெஷினுக்கான கடன் விண்ணப்பத்தை அவர் அதன் பிறகு எழுதட்டும்.